முன் எடை இல்லாத துணி

2025 ஜனவரி 27, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.15க்குப் பால் வந்தது. 6.45க்கு மொட்டை மாடிக்குப் போய் ஏற்காடு மலை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. அஸ்தம்பட்டிக்குக் குடிவந்த நாளிலிருந்து நாட்குறிப்பில் தினமும் இதை எழுதி வருகிறேன். தெரிந்தது, பாதி தெரிந்தது, தெரியவில்லை என்று மூன்றே வகை. 8.35க்குக் கல்லூரி. வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து, தராசுகள் மட்டமாக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, காய்ச்சி வடித்த நீர்க் கலனை நிரப்பினேன். முதலாண்டு வகுப்பில் இரண்டு பிப்பெட்டுகள் உடைந்தன. 11.10க்குத் தபாலில் ஒரு கட்டு வந்தது.

கட்டில் காற்று ஆய்வின் அச்சிட்ட அறிக்கை நான்கு பிரதிகள் இருந்தன. நல்ல வழவழப்பான தாள். நான் நேராக எங்கள் நகரத்தின் வரைபடத்துக்குப் போனேன். பெட்டி வைத்த ஒவ்வொரு வீட்டின் இடத்திலும் ஒரு வட்டம். சில மஞ்சள், சில ஆரஞ்சு, இரண்டு சிவப்பு. ஊரின் ஓரத்தில், ஏரிக்கரைத் தெருவில், ஒரு வட்டம் இருக்க வேண்டும். இல்லை. அங்கே ஏரியின் நீல நிறம் மட்டும் இருந்தது. அந்த ஏரியில் தண்ணீர் இல்லை என்பதும், குப்பைதான் இருக்கிறது என்பதும், அந்தக் குப்பை வருடம் முழுக்க எரிகிறது என்பதும் வரைபடம் போட்டவருக்குத் தெரிந்திருக்காது.

அது மூன்றாம் எண் வீட்டு அக்காவின் இடம்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் தாள்களில் வீட்டுக்காரர்களின் பெயர் எழுதக் கூடாது என்பது ஆய்வின் விதி. இட எண் மட்டும்தான். அந்தப் பழக்கத்தில் என் நாட்குறிப்பிலும் அவர் ‘மூன்றாம் எண்’ என்றே இருக்கிறார். நேரில் அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட அவர் மூத்தவரா என்று கேட்டதில்லை. இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயதுதான்.

ஆய்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல நகரங்களில் ஒரே சமயத்தில், ஒரே முறையில், ஒரு வருடம் முழுக்கக் காற்றை அளந்தார்கள். சேலத்தில் அதற்கு உதவியது எங்கள் கல்லூரி. ஆய்வை நடத்திய அம்மையார் வெளியூர்க்காரர், மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் வேலை எங்களுடையது. சாதாரண வீடுகளின் மொட்டை மாடியில் ஒரு பெட்டி இருக்கும். பெட்டியிலிருந்து ஒரு குழாய் மேலே போகும், அதன் உச்சியில் தொப்பி மாதிரி ஒரு வாய். உள்ளே இருக்கும் பம்பு அந்த வாய் வழியாகக் காற்றை இழுக்கும். காற்று ஒரு வட்டமான வடிதாளைக் கடந்து போகும், புகையும் தூசும் தாளில் தங்கும். ஒரு நாள் கழித்து அந்தத் தாளை எடுத்து எடை போட வேண்டும். வெள்ளைத் தாளாக இருந்தபோது போட்டது முன் எடை. அழுக்கான பிறகு போடுவது பின் எடை. பின் எடையிலிருந்து முன் எடையைக் கழித்தால் எண் கிடைக்கும். அவ்வளவு பெரிய ஆய்வும் அந்த ஒரு கழித்தலின் மேல்தான் நின்றது.

எனக்கு ஆறு வீடுகள் ஒதுக்கினார்கள். தினமும் அதே வரிசையில், அதே நேரத்தில் போனேன். மூன்றாவது வீட்டுக்கு 7.40. ஒரு நாளும் இரண்டு நிமிடத்துக்கு மேல் முன்பின் ஆனதில்லை. இதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அக்கா எதையும் திறந்து போடமாட்டார். அவரைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லச் சொன்னால் நான் சொல்வது இதுதான். குடத்தின் வாயில் நான்காக மடித்த வேட்டித் துணி, அதன்மேல் தட்டு. சோற்றுக் குண்டான்மேல் தட்டு, தட்டின்மேல் டம்ளர். மிக்சிக்குப் பழைய தலையணை உறை. டிவிக்குச் சுருக்கம் வைத்துத் தைத்த ரவிக்கைத் துணி. பல் தேய்க்கும் பிரஷ்கள் பால் கவருக்குள், கவரின் வாயில் ரப்பர் பேண்டு. கணவரின் செருப்புமேல் ஒரு மூங்கில் கூடை. அவர் வீட்டிலிருந்தே வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோர்த்துக் கொடுக்கும் வேலை செய்தார். கோர்த்து முடித்த கொலுசுகள் துணிக்குள், துணி டப்பாவுக்குள், டப்பா பீரோவுக்குள்.

“வெளில வெச்சா கறுத்துப் போவுதுங்க. காலைல கோத்த கொலுசு பொழுதோட பாத்தா இரும்பு மாதிரி ஆயிருது. பட்டறைக்காரரு ‘ஏனம்மா, அடுப்புல போட்டு எடுத்துட்டு வாரியா’ங்கறாரு” என்றார்.

எனக்கு டீ கொடுக்கும்போது டம்ளர்மேல் சின்னத் தட்டு வைத்துக் கொண்டுவருவார். அடுப்பிலிருந்து நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிவரை நாலடி இருக்கும்.

“நாலடி தூரம்தானேக்கா” என்றேன் ஒரு நாள்.

“நாலடில உழுகாதுங்களா?”

விழுந்தது உண்மைதான். ஏரியில் குப்பை எரியும் நாட்களில் அந்தத் தெருவில் கரிய இழைகள் மிதந்து வரும். சட்டையில் விழுந்ததைத் தட்டினால் கோடாக ஒட்டிக்கொள்ளும், ஊதத்தான் வேண்டும்.

கணவர் வாசலை விட்டுத் தள்ளி, உள்ளறைச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் இருபது வருடத்துக்கு மேல் வடநாடெங்கும் சுற்றியவர். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் மாவு முழுக்க அவருடைய நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வைத்தியத்துக்காகத்தான் சேலம் வந்தார்கள். கையிலிருந்ததைப் போட்டு வாங்க முடிந்தது ஏரிக்கரைத் தெருவில் இரண்டு அறை கொண்ட, கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடு. எரிகிற ஏரி பக்கத்தில் இருந்ததால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது என்பது குடிவந்த பிறகு தெரிந்தது.

அவர் மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்றுதான் பேசுவார். ஆனால் பேசாமல் இருக்கமாட்டார்.

“தண்ணி வர்றதுக்கு முன்னாடி… ஆயரம் அடி… தூசிதானுங்க வரும். தண்ணி… ஊருக்காரங்களுக்கு. தூசி… நமக்கு.”

பெட்டி வைத்த முதல் வாரத்தில் என்னிடம் கேட்டார். “அந்தப் பொட்டி… நிமிசத்துக்கு… எவ்ளோ காத்து இழுக்குமுங்க?”

“பதினாறு லிட்டருக்கு மேலங்க.”

“என்னையக் காட்டியும்… தேவலாம்.” சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நான்கு நிமிடமானது. அக்கா அவர் வாயில் துண்டை வைத்துப் பொத்தி முதுகைத் தடவினார்.

“பாத்தீங்களா சாரு… என்னையும் ஒரு நா… மூடி வெச்சுட்டுத்தான்… மறுவேல பாப்பா.”

“பேசாம இருங்க. பேசுனா மூச்சு வாங்கும்.”

“பேசாட்டியும்… வாங்குது புள்ள.”

பெட்டி வைக்க இடம் கேட்டுப் போனபோது மற்ற ஐந்து வீடுகளிலும் கரண்டு பில் யார் கட்டுவது, சத்தம் வருமா, மாடியில் வத்தல் காயப்போடலாமா என்று கேட்டார்கள். அக்கா கேட்டது வேறு. ஏரியில் குப்பை எரிப்பதை நிறுத்தச் சொல்லி அந்தத் தெருக்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். அக்காவும் கணவரை ஆட்டோவில் வைத்து அழைத்துப் போயிருந்தார். மனு கொடுத்த அலுவலகத்தில் ஓர் அதிகாரி, காற்று கெட்டிருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, எண்ணைக் கொண்டுவந்து காட்டுங்கள், நடவடிக்கை எடுக்கிறோம் என்றாராம். அதற்கு அடுத்த மாதம் நான் போய் நிற்கிறேன்.

“இந்தப் பொட்டி எண்ணு சொல்லுமுங்களா?”

“சொல்லும்க்கா. வருஷம் முடிஞ்சதும் அறிக்கை வரும்.”

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். “அவரு இருக்கறப்பவே வந்துருமுங்களா?”

வந்துவிடும் என்று சொன்னேன். எந்த ஆதாரமும் இல்லாமல் நான் சொன்ன வாக்கியங்கள் என் வாழ்க்கையில் குறைவு. அது ஒன்று.

பெட்டியை ஒப்படைக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினோம். பெட்டியை அணைக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, பக்கத்தில் அடுப்பு மூட்டக் கூடாது, ஊதுவத்தி கொளுத்தக் கூடாது, துணி காயப்போடக் கூடாது. எல்லாம் படித்துக் காட்டினேன். கடைசியில், எந்தச் சாமானைக் கொடுத்தாலும் சொல்கிற மாதிரி நானாக ஒன்று சொன்னேன். அன்றைய நாட்குறிப்பில் அப்படியே இருக்கிறது. ‘நுணுக்கமான மிஷின், தூசு தும்பு படாமல் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.’

அவர் பார்த்துக்கொண்டார்.

முதல் இரண்டு மாதங்கள் போனதும் அம்மையார் போனில் கேட்டார். மூன்றாம் எண்ணில் மட்டும் அளவு ஏன் இவ்வளவு குறைவு? எரிகிற ஏரிக்கு அருகே உள்ள வீடு, மரங்கள் நிறைந்த அஸ்தம்பட்டி வீட்டைவிடச் சுத்தமாக இருப்பது எப்படி? எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அங்கே எடுக்கும் தாள் எப்போதும் வெளுப்பாக இருக்கும். நான் பம்பைச் சோதித்தேன். காற்றின் வேகம் சற்றுக் குறைவு, ஆனால் விதி அனுமதிக்கும் அளவுக்குள். ‘சரி’ என்று குறியிட்டேன். பெட்டியையே மாற்றி வேறு பெட்டி வைத்தேன். அப்போதும் அதே வெளுப்பு. காற்றடிக்கும் திசை காரணமாக இருக்கலாம் என்று எழுதி அனுப்பினேன்.

ஒரே ஒரு நாள் அந்தத் தாள் கறுத்து வந்தது. ஆயுத பூஜை. அன்று காலை நான் போகும்போதே அக்கா தலைக்குக் குளித்து, பெட்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, குழாயின் வாயைச் சுற்றிச் சாமந்திச் சரம் கட்டியிருந்தார். கணவரின் பழைய ஸ்பேனர்கள், கொலுசு வேலைக் குறடு, அரிவாள்மணை எல்லாம் பெட்டிக்கு முன்னால் வரிசையாக இருந்தன. கையில் கற்பூரத் தட்டு.

“கற்பூரம் காட்டக் கூடாதேக்கா. தாள்ல போட்டிருக்கே.”

“ஊதுவத்தி கூடாதுன்னுதானுங்க படிச்சீங்க” என்றார். கீழே நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “சாரு… எனக்கும் ஒரு பொட்டு… வெச்சுட்டா. ஓடாத மிசினுக்கும்… உண்டாம்.”

மறுநாள் எடுத்த தாள் கரும்பலகை மாதிரி இருந்தது. குறிப்புக் கட்டத்தில் ‘பூஜை, கற்பூரம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கணக்கில் சேர்க்கத் தகாத நாள் என்று ஒதுக்கினார்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள், என் முதல் வீட்டுத் தெருவில் சாக்கடைக்குக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எட்டு மணிக்குத்தான் வண்டி விடுவோம் என்றார்கள். வேறு வழியில்லாமல் வரிசையை மாற்றிக்கொண்டு நேராக மூன்றாம் வீட்டுக்குப் போனேன். மணி 6.20. கதவு திறந்திருந்தது. மாடிப்படி ஏறினேன்.

அக்கா பெட்டிக்கு முன்னால் ஸ்டூலில் நின்று, குழாயின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். குடத்துக்குக் கட்டும் அதே வேட்டித் துணி, நான்கு மடிப்பு, ஈரமாக. மேல்பக்கம் வட்டமாக ஒரு கறுப்பு.

“இன்னிக்கு நேரமே வந்துட்டீங்ளே” என்றார். பதற்றமோ ஒளிவோ எதுவும் இல்லை. துணியை விரித்து எனக்குக் காட்டினார். “பாருங்க சாரு, ஒரே நாள்ல எவ்ளோ கறுப்புன்னு.”

எத்தனை நாளாகக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க வெச்ச அன்னைலருந்துங்க. குடிக்கற தண்ணிக்கே துணி கட்டறோம். இது மூச்சு உடற சாமான். அப்படியே தொறந்து போட்டா உள்ள அடைச்சுக்காதுங்களா, எங்கூட்டுக்காரருக்கு அடைச்ச மாதிரி? நனைச்சுக் கட்டுனாத்தான் தூசி ஒட்டும். நீங்க போனதும் கட்டுவேன். மத்தியானம் ஒருக்கா தண்ணி தெளிப்பேன்.”

“நான் ஒரு நாளும் பாக்கலையேக்கா.”

“நீங்க வர்றதுக்குள்ள அவுத்துத் தொவச்சுருவனுங்க. நீங்க வர்ற நேரத்துல அழுக்குத் துணி தொங்குனா நல்லாருக்குமுங்களா?”

ஆயுத பூஜை அன்று கட்டினீர்களா என்று கேட்டேன்.

“அன்னிக்கு இல்லீங்க. பொட்டு வெச்சுப் பூ வெச்ச மூஞ்சிய மூடலாமுங்களா?”

நான் மாடிச் சுவரில் உட்கார்ந்தேன். அரை வருடத்துக்கு மேல் அந்தத் தெருவின் காற்றில் இருந்தது அந்தத் துணியில் தங்கி, ஒவ்வொரு நாள் காலையும் சோப்பு நுரையோடு சாக்கடைக்குப் போயிருக்கிறது. துணியில்லாமல் அளக்கப்பட்ட ஒரே நாளைக் கற்பூரம் என்று நான் கையெழுத்திட்டு ஒதுக்கியிருக்கிறேன். ஒரே ஒரு நாள் நேரம் தவறி வந்திருந்தால் போதும்.

துணி கட்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கிய தாளில் ஒருவரும் எழுதவில்லை. யாருக்கும் தோன்றாத ஒன்று அது. அடுத்த ஆய்வுக்கான தாளில் அந்த வரியைச் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சில நாட்கள் தோன்றியதுண்டு. சொல்லாமல் விட்டால் ஏரிக்கரைத் தெரு இந்த ஊரிலேயே சுத்தமான காற்று உள்ள தெரு என்று அச்சாகும். மனு கொடுத்தவர்களின் முகத்துக்கு நேரே அந்த அறிக்கையைப் பிடித்துக் காட்டுவார்கள். அதனால் அன்று மாலையே அம்மையாருக்கு எழுதினேன். அவர் போனில் கூப்பிட்டார். பழைய அளவுகள் அத்தனையும் நீக்கப்படும் என்றார். வருடத்தின் நாட்களில் முக்கால் பங்குக்காவது அளவு இல்லாத இடம் அறிக்கையில் வராது, அதுவும் விதி. மிச்சமிருந்த மாதங்களைச் சேர்த்தாலும் பாதியைத் தாண்டாது.

“அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் இல்லை” என்றார்.

மறுநாள் 7.40க்குச் சொன்னேன். இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். முதலில் அவருக்குப் புரியவில்லை.

“இல்லீங்க சாரு, கெட்ட காத்துதானுங்க வருது. நீங்களே பாத்தீங்ளே.”

“நான் பார்த்தது எண்ணாகாதுக்கா.”

“நம்ம தெரு எண்ணு?”

“வராதுக்கா.”

அவர் பிழிந்த துணியை மறுபடி தண்ணீரில் போட்டு மறுபடி பிழிந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பால் கவரை எடுத்து வந்தார். அதற்குள் முந்தின நாள் துணி, உலர்ந்து, மடித்து.

“நேத்து நீங்க வந்த கலவரத்துல இதத் தொவைக்கலீங்க. அந்தத் தாள்ல ஒட்டியிருக்க வேண்டியதுதானே இதுல ஒட்டியிருக்குது? இத எடை போட்டுக்குங்க.”

“துணி சுத்தமா இருந்தப்ப என்ன எடைன்னு தெரியணும்க்கா.”

“அது வெறுந்துணிதானுங்க சாமி, என்ன பெரிய எடை இருக்கப் போவுது” என்றார். கெஞ்சும் குரலாக இல்லை. கடைக்காரரிடம் நியாயம் பேசுகிற குரல். நான் வாங்கிக்கொண்டேன். பார்க்கிறேன் என்றேன்.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் கேட்டார். “போட்டீங்களா?”

“போடணும்க்கா.”

போடவில்லை. பயனில்லாத அளவை எடுப்பது எனக்குப் பழக்கமில்லை.

மிச்ச மாதங்களில் பெட்டி துணியில்லாமல் ஓடியது. என் ஆறு வீடுகளில் மூன்றாம் எண்ணின் தாள்தான் எல்லாவற்றிலும் கறுப்பு. அந்த எண்களையாவது ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரக்கூடாதா, அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று அக்கா ஒருமுறை கேட்டார். ஆய்வு முடியும்வரை எந்த எண்ணையும் வெளியே தருவதில்லை என்று நான் கையெழுத்திட்டிருந்தேன். தரவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

அந்த மாதங்களில்தான் நான் கவனித்தேன். ஒரு நாள் டீ டம்ளர்மேல் தட்டு இல்லை. மறந்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் குடத்தின் வாயில் துணி இல்லை. பிறகு சோற்றுக் குண்டான் திறந்து கிடந்தது. டிவியின் உறையைக் காணோம். கொலுசுகள் தட்டில் பரப்பியபடி ஜன்னலோரம் இருந்தன, பாதி கறுத்து. அவர் சலங்கை கோர்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நான் போகும்போது தலைநிமிர்ந்து, “வாங்க” என்பார், மறுபடி குனிந்துகொள்வார்.

கணவர்தான் வாய்விட்டுச் சொன்னார். அப்போது அவருக்கு இரண்டு சொல்லுக்கே மூச்சு நின்றது.

“சாரு… என்ன பண்ணுனீங்க… இவள? சோத்துல… கரி உழுகுது. மூடி… போட மாட்டேங்கறா.”

“எத மூடி என்னங்க ஆவப்போவுது” என்றார் அக்கா, சலங்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெட்டியைக் கழற்றி எடுத்த நாளில் அவர் மாடிக்கு வரவில்லை. நான்கு ஆணித் துளைகளுக்குச் சிமெண்டு பூசிவிட்டுக் கீழே இறங்கினேன். படியடியில் நின்றிருந்தார். எடை போட்டீர்களா என்று அன்று கேட்கவில்லை. “பத்தரமா எடுத்துட்டுப் போங்க. நுணுக்கமான மிசினு” என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இருந்திருந்தால் எனக்கு நல்லது.

இன்று மதியம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அறிக்கையின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைத் தெருவுக்குப் போனேன். 2.25க்கு வீட்டுக்கு முன்னால் நின்றேன். கதவில் பூட்டு. பூட்டின்மேல் தூசு. ஏரிப்பக்கம் புகை ஒரே தண்டாகக் கிளம்பி, மேலே போகமாட்டாமல் தெருவுக்குள் சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மா இட்லி மாவு விற்பவர். வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“யாருங்க? அட, பொட்டிக்காரரு தானுங்களா?”

“ஆமாங்க. அக்கா எங்கே?”

“அவீங்க தம்பியூட்டுக்குப் போயிட்டாங்க, திருச்செங்கோட்டுக்கு. அவரு போனதுக்கப்பறம் இங்க எதுக்கு இருக்கோணும்? ஊடு விக்கறதுக்குச் சொல்லி வெச்சிருக்குது. யாரு வாங்குவா? நீங்க வாங்கறீங்களா?”

கணவர் எப்போது இறந்தார் என்று கேட்டேன். போன மார்கழிக்கு முந்தின மார்கழி என்றார். மனதுக்குள் கணக்கிட்டேன். நாங்கள் பெட்டியை எடுத்த ஐந்தாவது மாதம். வந்துவிடும் என்று நான் சொன்ன அறிக்கை அச்சாவதற்கு ஒரு வருடம் முன்பு.

“குளிப்பாட்டிக் கோடித் துணி போட்டாங்க பாருங்க, தலைல இருந்து கால் வரைக்கும் போடறதுதானுங்க வழக்கம். மூஞ்சில போட அவீங்க உடலீங்க. பெரியவங்க எல்லாம் சத்தம் போட்டாங்க. துணிய மடக்கிக் கழுத்துக்குக் கீழ உட்டுட்டு, காத்தாட இருக்கட்டும்னு சொல்லிப்போட்டாங்க. கடைசி வரைக்கும் அப்படியேதான் தூக்குனோம்.”

அந்த அம்மா மாவுக் குண்டானைத் திறந்து பார்த்து மறுபடி மூடினார். அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் நனைத்த துணி.

“ரெண்டு மூடி போடறனுங்க. அவீங்ககிட்டப் பழகுனது. கையில என்னங்க பொஸ்தகம்?”

“அந்தக் காத்து ஆய்வோட அறிக்கை.”

“எங்க தெரு இருக்குதுங்களா?”

“இல்லைங்க.”

“அப்பறம் அத எதுக்குங்க இத்தன தூரம் தூக்கிட்டு வந்தீங்க?”

அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அவர் ஒரு பாக்கெட் மாவு எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டேன். 4.10க்குக் கல்லூரி திரும்பினேன். அறிக்கையின் நான்கு பிரதிகளையும் அலமாரியில் அடுக்கினேன். 6.00க்கு வீடு. 7.30க்குச் சாப்பாடு, எதிர்வீட்டு மாவில் தோசை. 8.15க்கு இதை எழுத உட்கார்ந்தேன். மணி 9.40. விளக்கை அணைக்கப் போகிறேன்.

ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை. இன்று மலை தெரிகிறதா என்று பார்க்கவில்லை. முதல் வேலையாகக் கல்லூரிக்குப் போய், காவலாளியிடம் சாவி வாங்கி, ஆய்வகத்தைத் திறந்தேன். மணி 6.20. வடிதாள் அலமாரியின் அடித்தட்டில் அந்தப் பால் கவர் நான் வைத்த இடத்திலேயே இருந்தது, நான் ஒட்டிய சீட்டோடு. வடிதாள் போடும் தராசு இவ்வளவு எடை தாங்காது. துணியை மட்டும் எடுத்து மாணவர்களின் தராசில் வைத்தேன். முள் இல்லாத தராசு. எண் ஓடி நின்றது. புதிதாக ஒரு பதிவுத்தாள் எடுத்து இட எண் மூன்று என்று எழுதினேன். பின் எடை, 38.214 கிராம். முன் எடைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். குறிப்புக் கட்டத்தில், ‘அன்று துவைக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.